தோலின் காப்பரணும் பெப்டைடுகளும்

தில்லியிலும் லக்னோவிலும் வாழும் நம்மவர்க்கு, மார்கழி பிறந்ததை முதலில் அறிவிப்பது தோல்தான். புறங்கை வெளிறுகிறது; குதிகால் வெடிக்கிறது. கடைக்காரரோ பெப்டைடு கலந்த களிம்பை எடுத்துக் காட்டி, தோலின் காப்பரணை இது வலுப்படுத்தும் என்கிறார். விலையைக் கேட்டபின், அது மெய்தானா என வினவுவது முறையன்றோ?

தோலின் புறவடுக்கைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவர். மடிந்த உயிரணுக்களே செங்கல். செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் ஆகியவை சாந்து. வறண்ட குளிர்காற்றும், காரமான சோப்பும், கொதிக்கும் வெந்நீரும் சாந்தைச் சிதைக்கின்றன. உள்ளிருக்கும் நீர் கசிந்து ஆவியாகிறது.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் சில கோத்த சிறு சங்கிலி. அது சாந்தாகாது; உயிரணுக்களுக்கு ஏவல் கொண்டு செல்லும் தூதன் எனலாம். 1973-இல் லோரன் பிக்கார்ட் என்பார் மனித இரத்தத்தில் மூன்று கண்ணிகள் கொண்ட பெப்டைடு ஒன்றைக் கண்டறிந்தார். செம்புடன் இணைந்த அதன் வடிவம் இன்று பல களிம்புகளில் உள்ளது. ஆனால் தூதன் கோட்டைக்குள் நுழைய வேண்டுமே! 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் தோலை ஊடுருவுதல் அரிது என 2000-இல் போஸ், மெய்னார்டி இருவரும் எடுத்துக்காட்டினர். பிக்கார்டின் பெப்டைடு ஏறத்தாழ 340 டால்டன்தான்; எனினும் நீரை நாடும் இயல்பினதாதலால் கொழுப்புச் சாந்தை எளிதில் கடவாது. வேறு சில பெப்டைடுகள் முகச் சுருக்கத்தைச் சற்றே குறைத்ததாகச் சோதனைகள் உண்டு. அரண் வலுப்பெறும் என்பதற்குச் சான்று மெலிந்ததே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் கண்ணுக்கு மற்றொன்றும் படுகிறது. கடைக்காரர் "உறுதியாகும்" என்கிறார். டப்பிகள் பலவற்றிலோ "உறுதியாகத் தோன்றும்" என்னும் பொருள்பட எழுதியிருக்கிறது. இரண்டு வினைகளுக்கும் இடையே எத்துணைத் தொலைவு!

சாந்து குறைந்த சுவருக்குச் சாந்து பூசுவதே தக்கது. குளித்து ஈரம் உலருமுன் செராமைடு கலந்த எளிய களிம்போ, வாசலினோ தடவினால் நீர் வெளியேறுவது குறையும். வாசலின் விலையும் சொற்பம்.

வடக்கே குழந்தைகளுக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது வழக்கம். நம்மவரும் அதனைக் கைக்கொண்டுள்ளனர். 2002-இல் வெளிவந்த ஆய்வொன்றில், சுண்டெலிகளின் தோலரண் மீள்வதைக் கடுகெண்ணெய் தாமதப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் விரைவுபடுத்தியது. சுண்டெலியின் தோல் வேறு, மகவின் தோல் வேறு என்பது மெய்யே. ஆயினும் பச்சிளங்குழந்தைக்குக் கடுகெண்ணெயை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்துவிடுகிறதே என்பார், கிண்ணத்தைச் சற்று நேரம் வெந்நீரில் வைத்தால் போதும்.