பழைய சீழும் புதிய மூட்டும்



திகாம் பத்து வட்டாரத்தில் பால்மரம் சீவி முழங்கால் தேய்ந்தோர் நம்மிடையே பலர் உளர். முன்பு மூட்டில் சீழ் பிடித்துக் குணமானவர்கள், செயற்கை மூட்டுப் பொருத்திக்கொள்ள விரும்பினால் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

1890ஆம் ஆண்டில் பெர்லின் மருத்துவர் குளுக், காசநோயால் அழிந்த முழங்காலில் யானைத் தந்தத்தாலான மூட்டைப் பொருத்தினார். தொற்று மீண்டும் தலைதூக்கியதால் அம்முயற்சி தோற்றது. கிருமி எலும்பினுள் ஆண்டுக்கணக்கில் உறங்க வல்லது. உலோகத்தின்மேல் படிந்துவிட்டால் மருந்துக்கும் எளிதில் அடங்காது.

ஆகவே இரத்தத்தைச் சோதிப்பர். மூட்டு நீரை ஊசியால் எடுத்து ஆராய்வர். கிருமி இருப்பின், கெட்ட பகுதியை அகற்றி, மருந்து கலந்த எலும்புச் சிமெண்டை (வீடு கட்டும் சிமெண்டு அன்று!) இடைக்காலமாக வைப்பர். பல வாரங்கள் மருந்தளித்து, தொற்று அடங்கிய பின்னரே புதிய மூட்டு. பொறுமை வேண்டிய காரியந்தான்.

நம் கெடா மண்ணிலும் நீரிலும் மெலியோய்டோசிஸ் கிருமி உண்டு. வெட்டுக்காயத்தின் வழியே புகும், இனிப்புநீர் உள்ளவர்களை எளிதில் பற்றும், மூட்டையும் தாக்கும், ஆறிய பின்னும் திரும்பக்கூடும். அந்நோய் கண்டவர்கள், சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.