கையொப்பத்தின் விலை



ஆட்டம் முடிந்து வெளியே வரும் வீரரிடம் சிறுவன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தை நீட்டுகிறான். வீரரும் புன்னகையுடன் தம் பெயரை எழுதித் தருகிறார். இதிலே குற்றம் ஏதுமில்லை. ஆனால் அதே கையொப்பத்துக்கு வியாபாரி ஒருவர் பணம் கொடுப்பாராயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அண்மைக் காலம் வரையில், ஒரு கல்லூரி மாணவரின் விளையாட்டு வாழ்வே நிலைகுலைந்து போகக்கூடும்.

அந்நாட்டில் கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் அமெரிக்கக் கால்பந்தாட்டம் பெரும் பொருள் புரளும் துறையாகும். அதனை நெறிப்படுத்தும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1906-ஆம் ஆண்டில் தோன்றியது. மாணவர் கல்விக்கான உதவித்தொகை பெறலாம். ஆனால் ஆட்டத்தால் வந்த புகழை விற்றுப் பொருள் ஈட்டலாகாது என்பது 2021 வரை அதன் நெடுநாளைய கொள்கையாக இருந்தது. அதே புகழினால் கல்லூரிகளுக்குச் சேர்ந்த வருவாய்க்கோ அத்தகைய தடை ஏதுமில்லை.

2014-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆட்டக்காரரான டாட் கர்லி, கையொப்பமிட்ட பொருள்களுக்காக ஈராண்டுகளில் மூவாயிரம் டாலருக்கு மேல் பெற்றார் என்று தெரியவந்தது. நான்கு ஆட்டங்களில் அவர் கலந்துகொள்ளலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. பெற்ற பணத்தில் ஒரு பகுதியை அறச்செயலுக்கு அளிக்கவும், நாற்பது மணி நேரம் சமூகத் தொண்டு புரியவும் அவர் பணிக்கப்பட்டார். தடை நீங்கி மீண்டும் களமிறங்கிய முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்று, அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்களை இழந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் மீறியது அரசாங்கச் சட்டத்தை அன்று. ஒரு சங்கத்தின் விதியையே. அச்சங்கம் அரசின் அங்கமாகச் செயல்படுவதன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே, அரசியல் சட்டம் அரசினருக்கு எதிராகக் குடிமக்களுக்கு அளிக்கும் பாதுகாப்பைச் சங்கத்துக்கு எதிராகக் கோருதல் எளிதன்று. பணம் பெற்ற மாணவர் தண்டனையை ஏற்றார். பணம் கொடுத்தவரோ சங்கத்தின் பிடிக்கு அப்பாற்பட்டவர். இக்குறையை நீக்க எண்ணிய ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம், மாணவரின் ஆட்டத் தகுதி பறிபோகும் வண்ணம் அவருக்குப் பணம் கொடுத்து ஆசைகாட்டுவதைக் குற்றமாக்கி 2015-இல் சட்டம் இயற்றியது.

பின்னர் காற்று திசை மாறியது. மாணவர் தம் பெயராலும் உருவத்தாலும் பொருள் ஈட்டலாம் என்று கலிபோர்னியா மாநிலம் 2019-இல் சட்டம் செய்தது. வேறு பல மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. 2021 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம், கல்வி தொடர்பான சலுகைகளுக்குச் சங்கம் விதித்திருந்த வரம்புகள் செல்லா என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு கையொப்பத்தைப் பற்றியதன்று. எனினும் சங்கத்தின் பிடி தளர்ந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து மாணவர்கள் தம் கையொப்பத்தை விற்க வழி பிறந்தது.

ஆயினும் பொறுப்புகள் அகன்றுவிடவில்லை. பெறும் பணம் வருமான வரிக்கு உட்படுவது. எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் மாணவரைக் கட்டுப்படுத்துவது. முக்கியமாக, மாணவர் விசாவில் சென்று அங்கே பயிலும் நம் நாட்டு இளைஞர் போன்றோர், உரிய அனுமதியின்றி வேலை செய்து ஊதியம் பெறலாகாது. கையொப்பமிட்டுப் பெறும் பணமும் அவ்வாறே கருதப்படுமாயின், அங்கே தங்கிப் படிக்கும் உரிமைக்கே ஊறு நேரலாம். உடன் ஆடும் தோழர் தயங்காது பெறும் தொகையை, இவர் சட்டம் அறிந்தவரிடம் கேட்டறியாமல் கைநீட்டி வாங்குதல் தகாது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒரு சொல் இங்கே நினைவுக்கு வருகிறது. தமிழில் ‘விதி’ என்பது ஒழுங்குமுறையையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். 2014-இல் பிழையெனப்பட்ட செயல் 2021-இல் வாணிகமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மாறியது மாணவரின் ஒழுக்கமன்று, விதியே. மனிதர் எழுதிய விதியை மனிதரே மாற்றலாம். ஆனால், அது மாறுமுன் அதற்கு ஆட்பட்டவர் இழந்த நாள்களை எவராலும் திருப்பித் தர இயலாது. விதிகளை வகுப்போர் இதனை மறவாதிருத்தல் நன்று.