கிருலப்பனைக் கொப்பி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"வருட இலக்குகளை எழுதுவதும் அவற்றுக்குக் கணக்குச் சொல்வதும்" என்ற தலைப்பில் ஒரு வைத்தியர் பேசினால் நல்லது என்று சங்கச் செயலாளர் கேட்டார். செய்தியைக் கேட்டதும் எங்கள் வகுப்புக் குழுவில் எழுந்தது சிரிப்புத்தான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது ஒருவருடைய உரை அல்ல. எங்கள் வகுப்புத் தோழிகள் ஒன்பது பேர் சேர்ந்து சொல்லச் சொன்னவை இவை. வாசிப்பதற்கு மட்டும் வைத்தியரை அனுப்பியிருக்கிறார்கள். இனி "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் அந்த ஒன்பது பேரும்தான்.

நமக்கு வருடத்தில் மூன்று புதுவருடங்கள் உண்டு. ஜனவரி முதலாம் திகதி தவறினால் தைப்பொங்கலோடு தொடங்கலாம். பொங்கலும் போய்விட்டால் இருக்கவே இருக்கிறது சித்திரை. மருத்துநீர் வைத்து, கைவிசேடம் வாங்கிய கையோடு தொடங்கலாம். ஏப்ரல் விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த பிறகு அந்தப் பேச்சே இருக்காது.

பாடசாலையில் அப்படி இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தவணை முடிவிலும் தேர்ச்சி அறிக்கை வந்தது. அதிலே வீட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். 38 புள்ளிக்கு அப்பாவிடம் கையொப்பம் வாங்கத் தேர்ந்தெடுத்த நேரங்களைப் பற்றி இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் தனிப் புத்தகமே எழுதலாம். பாடசாலையை விட்டு வந்த பிறகு அந்த அறிக்கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எங்களிடம் கேட்கப்பட்டதெல்லாம் மற்றவர்களுடைய இலக்குகள். பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை, கணவரின் பிரஷர் குளிசை, மாமியின் கண் சத்திரசிகிச்சை. இவை எல்லாவற்றின் திகதியும் எங்களுக்கு மனப்பாடம். ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. எங்களுடைய திகதிகளைத்தான் யாரும் கேட்கவில்லை.

2018இல் எங்கள் வகுப்பில் ஒருத்தி காலமானாள். 39 வயது. பெயர் சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். மார்பில் கட்டி ஒன்று இருப்பதை அவள் கண்டது ஓர் ஓகஸ்ட் மாதத்தில். டிசம்பரில் மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. "சோதனை முடியட்டும்" என்றாள். முடிந்ததும் "பெறுபேறு வரட்டும்" என்றாள். பிறகு உயர்தர வகுப்புக்கு ரியூஷன் தேடும் வேலை வந்தது. எங்களில் வைத்தியராக இருப்பவருடன் அந்த மாதங்களில் இரண்டு தடவை தொலைபேசியில் பேசினாள். இரண்டு தடவையும் மகளின் கணிதத்தைப் பற்றித்தான் பேச்சு. மகரகமைக்குப் போனபோது நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. மகளுக்கு நல்ல பெறுபேறு கிடைத்திருந்தது.

இலங்கைப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய்தான். நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் குணமாக்கக் கூடியதும் அதுதான். அவளுக்கு இது தெரியாமல் இருக்கவில்லை. படித்தவள், உத்தியோகம் பார்த்தவள்.

அடுத்த ஜனவரியில், போயா விடுமுறை நாளில், கிருலப்பனையில் ஒரு தோழியின் மாடிவீட்டில் பத்துப் பேர் கூடினோம். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கும் கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கும் நுகேகொடையில் இருப்பவர்களுக்கும் சமமான தொந்தரவு தரும் இடம் கிருலப்பனை என்று கணக்குப் பார்த்துத் தெரிந்தெடுத்தோம். கார் இல்லாதவர்களுக்கு 138 பஸ் இருக்கிறது. வீட்டுக்காரி சந்தைக்குப் போன வழியில் வாங்கி வந்த 80 பக்கக் கொப்பி ஒன்றை மேசையில் வைத்தாள். ஆளுக்கு ஒரு பக்கம். அந்த வருட இலக்குகளை எழுதச் சொன்னாள். எட்டு, பத்து என்று எழுதித் தள்ளினோம். நிறை குறைத்தல், சிங்களம் சரளமாகப் பேசுதல், பாப் பரிசோதனை, நகை மீட்டல், வீணையைத் தூசு தட்டுதல்.

2020 ஜனவரியில் கொப்பியைத் திறந்தபோது அனேகமாக ஒன்றும் நடந்திருக்கவில்லை. அதைவிட மோசமானது அன்றைய கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து காரணம் சொல்ல, மற்றவர்கள் புத்தி சொல்ல, அது பெற்றார் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி அழுதுவிட்டாள். இன்னொருத்தி அன்றோடு வருவதை நிறுத்தினாள். பத்து ஒன்பதானது அப்போதுதான்.

இங்கே எங்கள் வைத்தியத் தோழியின் தொழிலில் இருந்து ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது பாடசாலை தொடங்கிய காலத்தை ஒட்டித்தான், 1926இல், களுத்துறையில் இந்த நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. ஒரு வைத்திய அதிகாரி, வீடு வீடாகப் போகும் மருத்துவமாது என்ற ஒழுங்கு அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. 1930களில் ஓர் இலட்சம் பிள்ளைகள் உயிருடன் பிறக்க, 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய காலத்தில், கொவிட் வருடங்களை விட்டுப் பார்த்தால், அந்த எண்ணிக்கை 30இன் அக்கம்பக்கம். மலேரியா ஒழிப்பு, பெனிசிலின், இலவசக் கல்வி, அந்த மருத்துவமாதுகளின் கால்நடை என்று காரணங்கள் பல. ஆனால் ஒரு காரணம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. இலங்கையில் கர்ப்பிணியோ, பிரசவித்து 42 நாட்களுக்குட்பட்ட தாயோ இறந்தால், அந்த ஒரு மரணத்தைப் பற்றி வைத்தியசாலையில் விசாரிக்கிறார்கள், அவள் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார்கள், பிறகு மாவட்ட மட்டத்திலும், குடும்ப சுகாதாரப் பணியகம் நடத்தும் தேசிய மீளாய்விலும் மேசையில் வைத்துப் பேசுகிறார்கள். அந்த மீளாய்வின் அடிப்படை விதி, பெயரும் வேண்டாம், பழியும் வேண்டாம் என்பது. பழி சொல்லத் தொடங்கினால் அடுத்த முறை உண்மை வராது.

அங்கே கேட்கப்படுவது தாமதம் எங்கே நடந்தது என்பது. மூன்று தாமதங்கள் என்று 1994இல் வகுத்தார்கள். உதவி தேவை என்று தீர்மானிப்பதில் தாமதம். தீர்மானித்தும் போய்ச் சேருவதில் தாமதம். போய்ச் சேர்ந்தும் கவனிப்புக் கிடைப்பதில் தாமதம். மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு.

எங்கள் கொப்பியை அந்த மேசையில் வைத்துப் பார்த்தோம். பாப் பரிசோதனை என்று எழுதிச் செய்யாதவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் நாங்கள் சொல்லியிருந்தது ஒரே புத்தி: "உன்னை நீ கவனிக்க வேண்டும்." அதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது கேட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. வங்கியில் வேலை செய்பவளுக்குத் தாமதம் தீர்மானத்தில் இல்லை; கிளினிக் வேலைநாள் காலையில், அவளுக்கு லீவு இல்லை. மேசையில் இருந்தபடியே தொலைபேசியில் லீவுக்கு விண்ணப்பிக்க வைத்தோம். ஆசிரியையாக இருப்பவள் போயிருக்கிறாள். அன்று செய்ய முடியாது, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பிறகு போகவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது திகதி போட்ட ஒரு துண்டு. மற்ற இருவருக்கும் பயம். பயத்துக்குப் புத்திமதி மருந்தல்ல, கூடப் போவதுதான் மருந்து. கூடப் போனோம். முழுவதும் 20 நிமிட வேலை.

இலக்குகளை எழுதி வைத்தாலே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்குகளை எழுதி வைத்த 3 வீதமானவர்கள்தான் பிற்காலத்தில் செல்வந்தர் ஆனார்கள் என்ற கதையை நீங்களும் ஏதாவது பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. உண்மையில் நடந்தது வேறொன்று. 1997இல் வெளியான பிரித்தானிய ஆய்வு அது. மார்பகச் சுயபரிசோதனை செய்ய வேண்டும் என்று உறுதியாக எண்ணிய பெண்களில், எப்போது, எங்கே செய்வேன் என்றும் எழுதியவர்கள் அனைவரும் அடுத்த மாதத்துக்குள் செய்து முடித்தார்கள். எண்ணம் மட்டும் இருந்தவர்களில் செய்தவர்கள் 53 வீதம். உறுதி இரு பகுதியினருக்கும் ஒன்றுதான். ஒரு பகுதியினரிடம் நாளும் இடமும் இருந்தன.

அதனால் கொப்பியின் சட்டங்களை மாற்றினோம். ஆளுக்கு மூன்று இலக்குக்கு மேல் கிடையாது; ஒன்று கட்டாயம் உடம்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாளும் இடமும். அதோடு, ஒவ்வொருவருடைய பக்கமும் இன்னொருத்தியின் பொறுப்பு. போயா தோறும் அவள் ஒரேயொரு கேள்வி கேட்பாள்: "எங்கே நிற்கிறது?" ஏன் செய்யவில்லை என்று கேட்கக் கூடாது. இதுதான் கடைப்பிடிக்கக் கஷ்டமான சட்டம். ரீச்சர்மாருக்கு இன்னும் கஷ்டம், மன்னிக்க வேண்டும். கேட்பவள் நெருங்கிய சிநேகிதியாக இருக்கக் கூடாது என்றும் கண்டுகொண்டோம். அவள் உடனே மன்னித்துவிடுவாள். கணவர் கேட்பது எங்கள் அனுபவத்தில் வேலைக்கு ஆகாது. அது சண்டையில் முடியும்.

சீட்டுக் கட்டியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. வங்கியில் போடுகிறோம் என்று சொன்ன காசு மாத முடிவில் மிஞ்சாது. ஆனால் சீட்டுக் காசு எப்படியோ மிஞ்சும், ஏனென்றால் மாதத்தின் அந்த நாளில் சீட்டு நடத்துபவர் வாசலில் நிற்பார்.

2022ஐ எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு, பெற்றோல் வரிசை, எரிவாயு இல்லை, மருந்துக் கடைகளில் குளிசை இல்லை. ஜூன் போயாவில் வெள்ளவத்தையில் இருந்து இரண்டு பேர் நடந்தே வந்தார்கள். நாங்கள் அன்று அநேகமாக எல்லா இலக்கையும் வெட்டினோம். வெட்டுவதற்கும் சட்டம் உண்டு: ஒரே கோடு, காரணம், திகதி, கீழே இருப்பதை வாசிக்க முடிய வேண்டும். "நகை மீட்டல்" என்பதற்குப் பக்கத்தில் "இன்னும் ஒன்று அடகு" என்று எழுதப்பட்டிருக்கிறது. உடம்பைப் பற்றிய இலக்கை மட்டும் யாரையும் வெட்ட விடவில்லை. யாரிடம் எத்தனை நாளுக்குக் குளிசை இருக்கிறது என்ற கணக்கு அந்த வருடம் ஒரு முழுப் பக்கம்.

ஏழு வருடக் கணக்கைச் சொல்லத்தானே வேண்டும். ஒன்பது பேரும் பாப் பரிசோதனை செய்து முடித்தோம். ஒருத்திக்குக் கலங்களில் மாற்றம் இருப்பது தெரிந்து, புற்றுநோயாகும் முன்னரே சிகிச்சை நடந்தது. அவள் அந்த நால்வரில் ஒருத்தி. ஒருத்தி திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் முடித்தாள். நிறை எவருக்கும் குறையவில்லை. இரண்டு பேருக்குக் கூடியிருக்கிறது. சிங்களம் இன்னும் பஸ் கொண்டக்டர் மட்டத்தில்தான். வீணை அப்படியே இருக்கிறது. வராமல் நின்றுபோன தோழிக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பக்கம் விடுகிறோம், அழைப்பும் அனுப்புகிறோம். இதுவரை பதில் இல்லை.

ஒருத்தி 2023இல் ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். அவளும் கொப்பியில் இருக்கிறாள். இந்த மலரை வெளிநாடுகளில் இருந்து வாசிக்கும் அக்காமார் தங்கைமாருக்காக இதைச் சொல்கிறோம்: போயா விடுமுறை உங்களுக்கு இல்லை என்றாலும் பூரணை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஸ்காபரோவில் பனி கொட்டும் இரவில் அவளுடைய தொலைபேசிக்கு "எங்கே நிற்கிறது?" என்று போகும். சில வேளை "நிற்கிற இடத்திலேயே நிற்கிறது" என்று வரும். அதுவும் பதில்தான்.

காலமான தோழியின் மகள் இப்போது வேலை பார்க்கிறாள். தாய்க்கு இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னதாகவே வைத்திய ஆலோசனை பெற வேண்டும். அவளுக்கு அதைச் சொல்லி, அழைத்துக்கொண்டும் போனோம். கொப்பியில் அவளுக்கும் ஒரு பக்கம் கேட்டாள். கொடுத்திருக்கிறோம். அவள் பொறுப்பில் இருப்பது எங்கள் வைத்தியரின் பக்கம். தயவு தாட்சண்யம் கிடையாது.

கடைசியாகச் சில தகவல்கள். 1996இல் இருந்து நாட்டில் சுவநாரி கிளினிக் நடக்கிறது. வெல் வுமன் கிளினிக் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். 35 வயதில் பாப் பரிசோதனை, இலவசம். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் நாளைக் கேளுங்கள். மார்பில் கட்டியோ, தோல் சுருங்குவதோ, காம்பில் கசிவோ கண்டால் 35 வரை காத்திருக்க வேண்டாம். கிருலப்பனைக்குப் பக்கத்தில், நாரஹேன்பிட்டியில், புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் அரச நிலையம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் மகள் இருப்பவர்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி 2017இல் இருந்து பாடசாலையிலேயே போடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். சம்மதக் கடிதம் வந்தால் புத்தகப் பைக்குள் கிடக்க விடாதீர்கள்.

தேநீர் நேரத்தில் வாசலுக்குப் பக்கத்து மேசையில் 80 பக்கக் கொப்பிகள் வைத்திருக்கிறோம். ஒரு வகுப்புக்கு ஒன்று. 1990களில் படித்தவர்களுக்கும் அதற்குப் பின் வந்தவர்களுக்கும் போதுமான அளவு இருக்கிறது. மூத்த அக்காமார் கேட்டால் இன்னும் வாங்கித் தருவோம். சந்தை திறந்துதான் இருக்கிறது.