ஞாயிற்றுக்கிழமைச் சோறு: லண்டனில் ஜமைக்கா விருந்தோம்பல்

1948 ஜூன் 22 அன்று 'எம்பயர் வின்ட்ரஷ்' கப்பலிலிருந்து இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்தில் இறங்கிய மேற்கிந்தியத் தீவினருள் பெரும்பகுதியினர் ஜமைக்காவைச் சேர்ந்தவர்கள். தங்க இடமில்லாதோர் லண்டனின் கிளாபம் பகுதியில், போர்க்காலத்தில் நிலத்தடியில் அமைக்கப்பட்ட காப்பறையில் தங்கவைக்கப்பட்டனர். அருகிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தை நாடிச் சென்றவர்கள் காலப்போக்கில் பிரிக்ஸ்டனில் குடியேறினர். அவர்களுக்கும் பின்வந்தோருக்கும் வீட்டு உரிமையாளர் பலர் நிறத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தனர். வாடகை வீடுகளில் இத்தகைய பாகுபாடு சட்டவிரோதமானது 1968இல்தான். அந்த ஆண்டுகளில், எப்படியோ ஓர் அறையைப் பெற்றுவிட்ட குடும்பத்தின் அடுப்படியே புதிதாய் வந்தோருக்குச் சத்திரமாகவும் வேலை விசாரிக்கும் இடமாகவும் ஊர்ச்செய்தி கேட்கும் மன்றமாகவும் விளங்கியது.

அந்த வீடுகளின் பெருவிருந்து ஞாயிற்றுக்கிழமை உணவேயாகும். அதில் தவறாது இடம்பெறுவது 'ரைஸ் அண்ட் பீஸ்' என்னும் பயற்றுச் சோறு. முதல்நாள் இரவே ஊறவைத்த ராஜ்மாவைப் பூண்டோடு மெத்தென வேகவைத்து, தேங்காய்ப்பால், வெங்காயத்தாள், 'தைம்' என்னும் நறுமண இலைக்கொத்து, கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்தாற்போல் மணக்கும் 'பிமென்டோ' மரத்தின் உலர்ந்த காய் ஆகியவற்றைச் சேர்த்து, யாவும் கொதித்த பின்னரே அரிசியை இடுவர். மிகுந்த காரமுடைய 'ஸ்காட்ச் பானட்' மிளகாயைக் கீறாமல் முழுதாக மேலே வைத்து, அது வெடிக்குமுன் எடுத்துவிடுவதால், மணம் சோற்றில் இறங்குமேயன்றிக் காரம் அவ்வளவாக இறங்காது. ஆகவே குழந்தையும் முதியவரும் ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்ண இயலும். 'டச்சுப் பானை' எனப்படும் கனத்த வார்ப்புப் பாத்திரத்தில் இதனைச் சமைப்பவர், சொல்லாமல் வரும் விருந்தினருக்கும் சேர்த்தே அரிசி அளப்பது வழக்கம்.

ஜமைக்கா உணவுகளின் பின்னே அடிமை வாழ்வும் ஒப்பந்தக் கூலி வாழ்வும் கலந்த வரலாறு உள்ளது. ஜமைக்காவின் தேசிய உணவான 'அக்கி அண்ட் சால்ட்ஃபிஷ்' என்பதில் அக்கிப் பழம் மேற்கு ஆப்பிரிக்காவினது. உப்பிட்டு உலர்த்திய காட் மீனோ, தோட்டங்களில் அடிமைப்பட்டோருக்கு மலிவாக உணவளிக்க வட அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டது. திருமணத்திலும் பெருநாளிலும் பரிமாறப்படும் ஆட்டுக்கறிக் குழம்போ, 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சுமார் 36,000 இந்தியர்களின் கொடை. அவர்களுள் பெரும்பாலோர் வட இந்தியர் எனினும், தொடக்க ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் இருந்தனர்.

லண்டன் வீடுகளில் விருந்தினருக்கென்றே பேணப்பட்ட முன்னறையும் குறிப்பிடத்தக்கது. வீட்டின் சிறந்த நாற்காலிகளும் கண்ணாடிக் கோப்பைகளும் கொக்கிப்பின்னல் விரிப்புகளும் அங்கேதான் இருக்கும். வெளியே மதிப்பு மறுக்கப்பட்ட குடும்பம், தன் மதிப்பைத் தானே நிறுவிக்கொண்ட இடம் அது. இறப்பு நேர்ந்தாலோ, 'நைன் நைட்' என்னும் ஒன்பதாம் இரவுச் சடங்குக்கு அழைப்பின்றியே பலரும் வருவர். பொரித்த மீனும் ரொட்டியும் ரம்மும் அளித்து, பாட்டோடு விடியும்வரை துக்க வீட்டாருக்குத் துணையிருப்பர்.

கடைகளில் விற்கும், மசாலா தடவிச் சுட்ட 'ஜெர்க்' கோழியை மட்டும் சுவைத்து ஜமைக்கா உணவை மதிப்பிடுவது பிழை; அதன் உயிர் வீட்டு அடுப்படிகளிலேயே உள்ளது. பகலில் மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்டு அந்த அடுப்படிகளையும் நடத்திய முதல் தலைமுறைப் பெண்களுள் இன்றும் வாழ்வோர் முதுமையில் உள்ளனர். அவர்களின் செய்முறைகளையும் நினைவுகளையும் காலந்தாழ்த்தாது பதிவு செய்வது அவர்தம் மக்களும் ஆய்வாளர்களும் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.