மூடிய புண் ஆறாது!

(ஊழியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)

துண்டறிக்கையுடன் தெருத் தெருவாகச் செல்கிறீர்கள். திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் நீட்டுகிறீர்கள். அவர் கை நீளவில்லை. "போங்கள் தம்பி! எந்தக் கட்சி வந்தால் என்ன, எல்லோரும் ஒன்றுதான்" என்கிறார். வசவைத் தாங்கிக் கொள்ளும் உங்களால், கல்லடியையும் தாங்கிக் கொள்ளும் உங்களால், அந்த ஒரு சொல்லைத் தாங்க முடிவதில்லை. ஊழலால் கருவூலத்திற்கு ஏற்படும் நட்டத்தை ஏட்டில் எழுதிவிடலாம். அந்தப் பெரியவரின் உள்ளத்திலே ஏற்பட்ட நட்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

அந்தச் சொல் எங்கே பிறக்கிறது? அதற்கு மருந்து உண்டா? இரண்டுக்கும் விடை தரும் நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. அதுதான் முந்த்ரா விவகாரம்.

1956ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. தனியாரிடம் சிதறிக் கிடந்த 245 நிறுவனங்களின் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசு தன் கையில் எடுத்துக் கொண்டது. ஆசிரியரும் குமாஸ்தாவும் ஆலைத் தொழிலாளியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்தும் பணம், இனி முதலாளிகளின் சூதாட்டத்திற்குப் பயன்படாது என்று மக்கள் நம்பினர்.

ஓராண்டு நிறைவதற்குள் அந்த நம்பிக்கையின் மீது அடி விழுந்தது. 1957 ஜூன் மாதத்தில் அதே கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் பிடியில் இருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. பாலிசிதாரரின் நலனுக்காகவா? அல்ல, பணமுடையில் தத்தளித்த முந்த்ராவுக்குக் கைகொடுப்பதற்காக! முதலீடு பற்றி ஆலோசனை கூறவென்றே ஒரு குழு இருந்தது. அதனிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

1957 டிசம்பர் 16 அன்று, லோக்சபையில் இதை அம்பலமாக்க எழுந்தவர் யார்? எதிர்க்கட்சித் தலைவரா? அல்ல, ஆளுங்கட்சியின் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன்! கட்சிப் பாசமும் குடும்பப் பாசமும் ஒருசேர அவர் வாயைப் பொத்தியிருக்கலாம். பொத்தவில்லை.

1958 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தனி ஒருவராக விசாரணை செய்ய நியமிக்கப்பட்டார். கதவைச் சாத்திக்கொண்டு அவர் விசாரிக்கவில்லை. நிதி அமைச்சர் சாட்சியம் அளித்தார், நிதிச் செயலாளர் சாட்சியம் அளித்தார், பொதுமக்கள் கேட்டனர். உள்ளே இடமில்லாமல் நின்ற மக்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டப்பட்டது. ஒரு மாதம் முடிவதற்குள், பிப்ரவரியிலேயே அறிக்கையும் வந்துவிட்டது.

நிதி அமைச்சர், சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் தமக்கென்று பணம் பெற்றார் என்று சாக்ளா தீர்ப்புச் சொல்லவில்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அமைச்சர் ஒளிந்துகொள்ள இயலாது என்பதே அவர் கண்ட முடிவு. அமைச்சர் பதவி விலகினார். அத்துடன் அவருடைய பொதுவாழ்வு அழிந்துவிட்டதா? இல்லை. 1962இல் மீண்டும் மந்திரிசபையில் இடம்பெற்றார். பின்னர் நிதி இலாகாவே அவரிடம் திரும்பி வந்தது. பொறுப்பேற்று விலகுவது தூக்குமேடை ஏறுவதல்ல, தோழர்களே!

இன்றும் கோடிக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கார்ப்பரேஷனை நம்பிப் பணம் செலுத்துகின்றன. தவறே நடக்கவில்லை என்பதாலா? தவறு நடந்தது. ஆனால், நடந்த தவறு நாட்டின் நடுவீதியில் வைத்து விசாரிக்கப்பட்டது. மக்கள் நம்பிக்கையைக் குலைப்பது குற்றம் மட்டுமல்ல. குற்றத்தின் மீது போர்த்தப்படும் போர்வையே அதனை வேரோடு சாய்க்கிறது!

போர்வை போர்த்துவோர் எக்காலத்தும் உண்டு. பாராளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளை வழக்குகளிலிருந்து காக்க, 1956இல் ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவரும் பெரோஸ் காந்தியே. நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டது. அப்போது பிரதமர் யார்? அவருடைய துணைவியார் இந்திரா காந்தி! 1977இல் ஆட்சி மாறிய பிறகே அந்தப் பாதுகாப்பு மீண்டது.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018இல் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை வாக்களிக்கும் குடிமகன் அறிய வழியில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், அத்திட்டம் அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மக்களுக்கு அறியும் உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் உயிர். அன்று சாக்ளா ஒலிபெருக்கி வழியே தந்ததும் அதைத்தானே!

இனி, நம்மிடம் வருவோம். மாற்றுக் கட்சிக்காரர் மீது குற்றச்சாட்டு எழுந்தால், "விசாரணை வை!" என்று முழங்குகிறோம். நம்மவர் மீது எழுந்தால், "சதி!" என்று கூறுகிறோம். சில நேரங்களில் அது சதியாகவும் இருக்கலாம். அவதூறு அரசியலுக்குப் புதிதல்ல. அப்படியானால் விசாரணைக்கு அஞ்சுவானேன்? குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் அதே வெளிச்சம்தானே குற்றமற்றவனின் முகத்தையும் துலக்கிக் காட்டுகிறது!

"அவர்கள் கொள்ளையடிக்கவில்லையா?" என்று திருப்பிக் கேட்பது விடையாகாது. அப்படிக் கேட்கும்போது, நாமே நம் வாயால், "எல்லோரும் ஒன்றுதான்" என்ற அந்தப் பெரியவரின் சொல்லுக்குச் சான்றிதழ் வழங்கிவிடுகிறோம்.

ஆகவே கிளையில் வசூலிக்கும் நன்கொடைக்கு ரசீது கொடுங்கள். வரவு செலவைக் கூட்டத்தில் படியுங்கள். நம்மவர் தவறினால், ஊர் கேட்பதற்கு முன் நீங்கள் கேளுங்கள். பெரோஸ் காந்தி கட்சியின் பகைவராக நின்று கேட்கவில்லை. கட்சிக்காரராக நின்றே கேட்டார்.

பிறகு அந்தத் திண்ணைக்கு மீண்டும் செல்லுங்கள். "ஐயா, எங்களிலும் தவறுவோர் உண்டு. ஆனால், தவறியவரைக் கேள்வி கேட்க நாங்களும் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அன்றே அவர் உங்கள் பக்கம் வந்துவிட மாட்டார். துண்டறிக்கையை வாங்கிப் படிப்பதற்காவது கை நீட்டுவார். அந்தக் கை நீளும் நாளே நமக்கு வெற்றி நாள்!