கோட்டை எழுதாத சென்னை

(பட்டாபிராம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னையின் வரலாற்றைக் கோட்டையருகில் அன்றோ பேசவேண்டும், பட்டாபிராமில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் வினவினார். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் விடியுமுன் எழுந்து, தொடர்வண்டி பிடித்து, அந்நகரை இயக்கிவிட்டு இரவில் இல்லந் திரும்புவோர். நகரை நடத்துவோர் ஈங்கிருக்க, அதன் வரலாற்றை மட்டும் வேறிடத்தில் தேடுவானேன்?

1639 ஆகத்து 22-இல் கும்பினியார் நிலம் பெற்றனர். அந்நாளைச் சென்னையின் பிறந்தநாளென 2004 முதல் கொண்டாடி வருகின்றனர். திருமயிலையும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பன்னூறாண்டு முன்னரே பாடல்பெற்ற ஊர்கள். வணிகன் தன் கணக்கைத் தொடங்கிய நாளை ஊர் பிறந்த நாளென்று நாமும் நம்புகின்றோம்!

நம் ஊர் வழியே செல்லும் இவ்விருப்புப் பாதையையே பாருங்கள். 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை மக்கள் வண்டி ஓடிற்று. தென்னாட்டின் முதல் மக்கள் வண்டித் தடம் இது. ஆளுநர் ஆரிசின் பெயர் ஆவணத்தில் உள்ளது. மண் சுமந்த கூலியாளின் பெயர் எங்கே உள்ளது?

மக்கள் ஏட்டில் எழுதவில்லை, நாவில் எழுதினர். 1914-இல் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலில் நின்று எண்ணெய்க் கொள்கலன்களைச் சுட்டெரித்தது. அன்று நடுங்கிய ஊர், அக்கப்பலை ஒரு சொல்லாக்கிக்கொண்டது. எதற்கும் அஞ்சாத சூழ்ச்சிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, அஃது ஓர் இரவின் அச்சம் நூறாண்டு கடந்தும் வாழ்வதாகும். அயற்சொல்லே எனினும் அதனை விரட்ட எனக்கு மனம் வரவில்லை.

1942-இல் சப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தால் நகரே காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் வெளியூர் சென்றன. செல்வர் உந்துகளில் சென்றனர். ஏழையர் எவ்வாறு சென்றனர்? வீட்டுத் திறவுகோலை யாரிடம் கொடுத்தனர்? திரும்பி வந்தபோது குடிசை இருந்ததா? அன்று ஏழெட்டு அகவைச் சிறுவராய் இருந்தோர் இன்று தொண்ணூறு கடந்தவர். அவர்களுள் எத்துணைப்பேர் எஞ்சியுள்ளனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெரம்பூர்ப் பஞ்சாலைகளைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1918-இல் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றிற்று. திரு.வி.க., செல்வபதியார் முதலியோர் அதற்கு உழைத்ததை நாம் அறிவோம். 1921-இல் வேலைநிறுத்தம் திங்கள் கணக்கில் நீண்டது. காவலர் சுட்டதில் உயிர்கள் மாய்ந்தன. ஆதித்திராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. புளியந்தோப்பில் கலகம் மூண்டது; குடிசைகள் எரிந்தன. ஒரு தெரு அதனை ஈகமென நினைவு கொள்ளும். அடுத்த தெரு அதனையே தன் வீடு எரிந்த நாளென நினைவு கொள்ளும். இரண்டும் தமிழர் தெருக்களே. நமக்கு இனிக்கும் நினைவை மட்டும் எழுதிவைத்தால் நாமும் மற்றொரு கோட்டையே ஆவோம்.

அவ்வாலைகள் 1996-இல் மூடப்பட்டன. அதே ஆண்டில்தான் மதராசு சென்னையாயிற்று. பெயர் மீண்டதை நாம் கொண்டாடினோம், கொண்டாடியது முறையே. ஆயினும் அவ்வாண்டைப் பற்றிக் கேட்டால், பெரம்பூர்த் தொழிலாளி எதனைச் சொல்வார்? பெயர் மீண்டதையா, ஆலைச் சங்கொலி நின்றதையா?

அண்டையிலுள்ள ஆவடிக்கு வருவோம். 1955 சனவரியில் பேராயக் கட்சி அங்குக் கூடிச் சமவுடைமைப் பாங்கான குமுகாயம் என்று தீர்மானித்தது. தீர்மானம் நூல்களில் உள்ளது. பந்தற்கால் நட்டவன் இல்லை. 1961-இல் படைத்துறைத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் முதல் தகரி வெளிவந்தது. எங்கெங்கிருந்தோ வந்து அதனைச் செய்த கைகள் இன்று ஓய்வூதியத்திற்கு வரிசையில் நிற்கின்றன. நம் பட்டாபிராமிலோ 2024-இல் 21 மாடித் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அந்நிலம் முன்பு எப்படி இருந்தது என்று அங்குப் பணிக்கு வரும் இளைஞர்க்குச் சொல்வார் யார்?

அருகிலுள்ள திருநின்றவூரை எண்ணுக. சமயம் ஒருபுறம் இருக்கட்டும். காஞ்சியில் பல்லவன் கற்றளி எடுத்த காலத்தே, பொருளற்ற பூசலார் மனத்துள்ளேயே கோயில் எடுத்தார் என்பது கதை. வேந்தன் தளிக்குக் கல்லே சான்று. பூசலார் கோயிலுக்கோ, சுந்தரர் பெயர் சுட்டியதும், குன்றத்தூர்ச் சேக்கிழார் விரித்துப் பாடியதுமே சான்று. அவ்விருவரும் வாளா இருந்திருப்பின், அக்கோயில் பூசலாரோடே மறைந்திருக்கும்.

நம் இயக்கத் தோழர்க்கு ஒரு சொல். முதியோர் கூறுவதை எழுதுங்கால் தூய்மை செய்யாதீர். இங்குள்ள பாட்டி 'மிலிட்டரி சைடிங்' என்றால் அவ்வாறே எழுதுக. வேண்டுமெனில் அருகில் படைத்துறைப் பக்கத்தடம் எனக் குறிக்க. நாம் எழுதும் உரையில் தனித்தமிழ் நம் கடமை. பிறர் சான்றுரையைத் திருத்துவதோ பொய்க்கரி.

அடுத்த திங்கட் கூட்டத்திற்கு வருவோர் ஒவ்வொருவரும், தம் தெருவில் எண்பது அகவை கடந்த ஒருவரைக் கேட்டெழுதிய ஏட்டுடன் வருக. பெண்டிரை முதலில் கேளுங்கள். அவர்களை இதுவரை எவரும் கேட்டதில்லை. 'இங்கு வருமுன் நீங்கள் எந்த ஊர், ஏன் வந்தீர்கள்' என்று தொடங்குங்கள். பிறகு குறுக்கே பேசாதிருங்கள்.