திமிலைப் பார்த்தீர்களா?

கோபிநத்தம் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது வீரப்பன் பெயர்தான். அவரை இன்று விட்டுவிடுவோம். அந்தப் பக்கம், ஒகேனக்கலுக்கு மேலே காட்டுக்குள் ஓடிவரும் காவிரியில் அவரைவிடப் பழைய பேர்போன உயிர் ஒன்று உண்டு. மகசீர். கெண்டைக் குடும்பத்துப் பேருருவம். 1946-இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டில் போட்டுப் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ.

ஒரே பெயரில் அழைத்தாலும் ஆற்றில் இருப்பவை இரண்டு. ஒன்று காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரிய திமில் மகசீர். மற்றது நீலத்துடுப்பு மகசீர். லோனாவ்லாவில் டாட்டா நிறுவனத்தார் குஞ்சு பொரிக்கவைத்துப் பெருக்கிய இனம் இது. 1970-களிலிருந்து பல ஆறுகளில் விட்டார்கள், காவிரியிலும் விட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? பெரும்பாலோர் வாயைப் பார்ப்பார்கள், உதடு தடித்திருக்கிறதா என்று. அதை நம்பவே கூடாது. ஒரே இனத்தில் ஒன்றுக்குத் தடித்த உதடு இருக்கும், இன்னொன்றுக்கு இராது. முதலில் முதுகைப் பாருங்கள். திமில் மகசீருக்குத் தலை முடியும் இடத்திலேயே முதுகு சட்டென்று மேலெழும்பி, காங்கேயம் காளையின் திமில்போல் நிற்கும். நீலத்துடுப்பில் அந்தக் கோடு சீராக ஏறும். அடுத்தது துடுப்பு. முன்னதில் ஆரஞ்சுச் சாயல், பின்னதில் நீலம் கலந்த சாம்பல். செதிலின் பொன்னிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தண்ணீரும் வெயிலும் அதை மாற்றிக் காட்டும்.

இது வெறும் வேடிக்கைக் கலை அல்ல. மேகேதாட்டுக்கு மேலே கலிபோரே முகாமில், பிடித்த மீனை எடைபோட்டு மீண்டும் ஆற்றிலேயே விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரை அங்கே பதிவான மீன்கள் 6,000-க்கு மேல். ஆண்டுக்காண்டு எண்ணிக்கை ஏறியது. ஆறு செழிக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆய்வாளர்கள் அந்தப் பதிவேடுகளைப் புரட்டியபோது ஏறியது நீலத்துடுப்பு, இறங்கியது திமில். ‘மகசீர்’ என்ற ஒற்றைச் சொல் அந்தச் சரிவை மூடி வைத்திருந்தது.

இத்தனை புகழ்பெற்ற மீனுக்குச் சரியான அறிவியல் பெயரே நெடுநாள் இல்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான். 2007-இல் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து, மீனியல் அறிஞர் ரேமாதேவியைச் சிறப்பித்து, ‘டோர் ரேமாதேவி’ என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டார்கள். பாம்பாறு அமராவதியில் கலந்து காவிரிக்கு வருவது. காவிரியின் திமில் மகசீரும் அதே இனம்தான் என்று 2018-இல் ஓர் ஆய்வு நிறுவியது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள உயிராகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்ந்தது. இன்று அதற்குப் பெரும் புகலிடம் மோயாறு.

கலிபோரே இருக்கும் காவிரிச் சரணாலயத்துக்குள் தூண்டில் மீன்பிடி பின்னர் நிறுத்தப்பட்டது. எனவே இனி நம் கண்ணில் படுவது தற்செயலாக வலையில் சிக்கும் மீனாகத்தான் இருக்கும். மீனைத் தூக்கி மார்போடு அணைத்து எடுக்கும் படத்தில் உங்கள் முகம்தான் நன்றாக விழும். இனத்தை அறிய, தண்ணீரிலேயே பக்கவாட்டில் வைத்து, தலை முதல் வால் வரை முதுகுக்கோடும் துடுப்புகளும் தெரிய ஒரு படம் எடுத்துவிட்டு, உடனே ஆற்றில் விட்டுவிடுங்கள்.